கத்திரி வெயிலும் வேனல் மழையும்
(சூரியநெல்லி மலையில் பங்குனி முதல் வைகாசி வரை)

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போலச் சிந்தாமணியைப் பற்றியோ நீலகேசியைப் பற்றியோ எழுதிக் கொடுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். இவ்வாண்டு வானிலையைப் பற்றி எழுதுகிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கட்டுரையின் நடுவில் சொல்கிறேன்.

நான் வானிலை படித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, சூரியநெல்லியில் பலசரக்குக் கடையும் மலைச்சரக்கு வியாபாரமுமாக முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் பொழுது சாயுமுன் உண்டு முடிப்பது வழக்கம். ஆகவே தினமும் மாலையில் வானத்தைப் பார்த்தே தீரவேண்டும். பார்த்ததைக் கடைச் சிட்டையின் ஓரத்தில் 'மழை', 'இடி', 'ஆலங்கட்டி', 'வறட்டுக் காற்று' என்று ஒரு சொல்லாக எழுதி வைப்பேன். அந்தச் சிட்டைகளும், வானிலைத் துறையின் வெளியீடுகளும், தேடிப் படித்த சில நூல்களும் தந்த அறிவைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

நம் பஞ்சாங்கமும் இந்த மலையும்

தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். மலையும் மலை சார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் உரிய காலமாகத் தொல்காப்பியம் வைத்தது. குறிஞ்சி நிலத்துக் குடிகளாகிய நமக்கு அது இன்றும் பொருந்துகிறது. ஆனால் இந்த மலையில் ஆண்டின் நல்லது கெட்டதைத் தீர்மானிப்பது பின்பனி முடிந்து இளவேனில் பிறக்கும் அந்தச் சந்திப்புக் காலம்தான்.

1875இல் தொடங்கப்பட்ட இந்திய வானிலைத் துறை ஆண்டை நான்காகப் பிரிக்கிறது. சனவரி, பிப்ரவரி குளிர்காலம்; மார்ச் முதல் மே வரை கோடை; சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை; அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இதில் இரண்டாவதாக வரும் கோடைதான் நம் பேச்சு.

இங்கேதான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். சொந்த ஊர் நினைவில் கோடை என்றால் வெயில். மே 4ஆம் தேதி வாக்கில் அக்கினி நட்சத்திரம் பிறக்கும், மே கடைசி வரை கத்திரி கொளுத்தும் என்பது நம் பஞ்சாங்கக் கணக்கு. வந்தவாசிக்கும் வேலூருக்கும் அது சரி. ஆனால் அதே கத்திரி நாள்களில் கேரளத்தில் இடியும் மின்னலுமாக மழை கொட்டும். மலையாளத்தில் இதை வேனல் மழை என்பார்கள். மார்ச் முதல் மே வரை கேரளத்தின் இயல்பான மழை ஏறத்தாழ 360 மி.மீ. ஆண்டு மொத்தத்தில் எட்டில் ஒரு பங்குதான். ஆனால் வந்துசேரும் நேரத்தாலும் வரும் விதத்தாலும் அது சாதாரண மழையன்று.

"சித்திரை மாசம்தானே, என்ன பெரிசா மழை வந்துறப் போகுது?" என்று ஊரிலிருந்து வரும் உறவினர்கள் கேட்பார்கள். நாமும் பல ஆண்டு அப்படித்தான் நினைத்திருந்தோம். பஞ்சாங்கம் பொய்யில்லை, அது வேறு ஊருக்கு எழுதியது.

ஒரே வாரத்தில் தீயும் தாழ்வு மண்டலமும்

இந்தப் பருவம் எவ்வளவு விரைவாக மாறும் என்பதற்கு நம் கண்முன் நடந்ததையே சொல்கிறேன்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. நம் ஊருக்குக் கிழக்கே கொழுக்குமலை; அதன் சரிவில் இறங்கினால் தேனி மாவட்டத்துக் குரங்கணி. அந்தச் சரிவில் காட்டுத் தீ பரவி, மலையேற வந்திருந்தவர்கள் நடுவில் சிக்கிக்கொண்டார்கள். அன்று இறந்தவர்களும் பின்னர் மருத்துவமனைகளில் இறந்தவர்களுமாக 23 உயிர்கள் போயின.

அந்தத் தீயில் வானிலையின் பங்கு என்ன? மாசி, பங்குனியில் கிழக்குச் சரிவு முழுக்கப் புல் காய்ந்து நிற்கும். காற்றில் ஈரம் இராது. பகல் ஏற ஏற வெயிலில் சூடான காற்று பள்ளத்தாக்கிலிருந்து சரிவு வழியே மேல்நோக்கி வீசும். நெருப்பின் சுவாலை மேட்டுப் பக்கம் சாய்ந்து, மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடும். எனவே சமதரையைவிடச் சரிவில் மேல்நோக்கித் தீ வேகமாகப் பரவும். நடுப்பகலுக்குப் பிறகு காய்ந்த சரிவில் நிற்பது ஆபத்து என்பதற்கு இதுவே காரணம்.

இனி அடுத்த செய்தியைப் பாருங்கள். இரண்டே நாளில், மார்ச் 13ஆம் தேதி வாக்கில், இலங்கைக்குத் தெற்கே மாலத்தீவை ஒட்டிய கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாயிற்று. கேரள மீனவர்களையும் குமரி மீனவர்களையும் கடலுக்குப் போகவேண்டாம் என்று எச்சரித்தார்கள். மார்ச் மாதத்தில் இப்படித் தாழ்வு மண்டலம் உருவாவது அபூர்வம். ஞாயிறன்று தீக்கு அழுதோம். வார நடுவில் புயல் எச்சரிக்கையைக் கேட்டோம். பின்பனிக்கும் இளவேனிலுக்கும் இடைப்பட்ட காலம் என்றால் இதுதான். வறட்சியும் வெள்ளமும் இங்கே அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்.

ஆண்டுக்கு ஆண்டும் இப்படித்தான். 2021இல் மே மாதம் டவ்தே புயல் அரபிக்கடலில் வந்தபோது, கேரளத்தின் கோடை மழை இயல்பைப்போல் இரு மடங்கைத் தாண்டியது. 2024இல், எல் நினோ என்னும் பசிபிக் கடல் வெப்பத்தின் காலத்தில், ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் வெப்ப அலை அறிவிக்கப்பட்டது. இடுக்கியில் ஏலச் செடிகள் பெருமளவு கருகின. மே நடுவிலேயே பலத்த மழை தொடங்கிவிட்டது. 2025இல் தென்மேற்குப் பருவமழையே மே 24ஆம் தேதி கேரளத்தில் தொடங்கிற்று. அதன் இயல்பான நாள் சூன் 1.

இடிமழை எப்படிப் பிறக்கிறது?

இடிமழைக்கு மூன்று பொருள் வேண்டும்: தரையில் சூடு, காற்றில் ஈரம், மேலே குளிர். மூன்றும் நம் மலையில் சித்திரையில் கூடும்.

காலையில் வெயில் சரிவுகளைச் சூடாக்குகிறது. சூடான காற்று இலேசாகி மேலே எழும். மேற்கே அரபிக்கடலிலிருந்து ஈரக்காற்று ஏறி வருகிறது. கிழக்கே கம்பம் பள்ளத்தாக்குப் பக்கமிருந்தும் காற்று மலையை நோக்கி வருகிறது. இரண்டும் மலை முகட்டில் சந்தித்தால், போக வேறு வழியில்லாமல் மேலேதான் போகவேண்டும். மேலே போன ஈரம் குளிர்ந்து மேகமாகிறது. வானிலை அறிக்கையில் 'காற்றுத் திசை மாறுபாடு' என்றும், 'மேலடுக்குக் காற்றுச் சுழற்சி' என்றும் சொல்வது இந்தச் சந்திப்புகளைத்தான்.

மேகத்துக்குள் மேல்நோக்கிய காற்று வலுத்தால், நீர்த்துளிகள் உறைநிலைக்கு மேலே தூக்கிச் செல்லப்படுகின்றன. நம் பகுதியில் அந்த மட்டம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். அங்கே சிறிய பனித்துகளும் பெரிய பனிக்கட்டியும் ஒன்றோடொன்று உரசுகின்றன. இலேசான துகள் நேர் மின்னோடு மேலே போகும். கனமான கட்டி எதிர் மின்னோடு கீழே தங்கும். இந்தப் பிரிவு தாங்கமுடியாத அளவு பெருகும்போது மின்னல் வெட்டுகிறது. மின்னல் பாயும் வழியில் காற்று ஏறத்தாழ 30,000 டிகிரி வரை சூடாகிறது. கதிரவனின் மேற்பரப்பைப்போல் ஐந்து மடங்கு. அந்தக் காற்று திடீரென விரிந்து வெடிப்பதே இடி.

ஆலங்கட்டி விழுவதற்கும் இதுவே விளக்கம். மேலே உருண்டு பெருத்த பனிக்கட்டி கீழே வரும் வழியில் உருகவேண்டும். போடிக்கு வரும் கட்டிக்கு உருக நெடுந்தூரம் இருக்கிறது. சூரியநெல்லிக்கு வரும் கட்டிக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் தூரம் குறைவு. ஆகவே அங்கே மழையாக விழுவது இங்கே கட்டியாக விழலாம்.

ஓர் இடிமேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான். ஆயுள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள். அதனால்தான் சின்னக்கானலில் கொட்டி, பூப்பாறையில் வெயில் அடிக்கிறது. என் சிட்டையில் இத்தனை ஆண்டுக் குறிப்புகளைப் புரட்டினால், சித்திரை இடிமழை பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் இடையில்தான் வந்திருக்கிறது. தரை சூடாகி, மேகம் வளர அவ்வளவு நேரம் வேண்டும்.

வெப்பம் ஏன் இப்படி மாறுகிறது?

போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு வழியாக நம் ஊருக்கு வருகிறோம். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறையும். ஆகவே போடியில் 38 டிகிரியில் வியர்த்துக்கொண்டு ஏறியவர், மேலே வந்ததும் 31 டிகிரிதான் காண்பார். நம் குழந்தைகளுக்கு இதையே கணக்குப் பாடமாகக் கொடுக்கலாம்.

ஒரே இடத்திலும் மாற்றம் உண்டு. பின்பனியில் வானம் தெளிவாக இருக்கும். பகலில் வெயில் தடையின்றி இறங்கும். இரவில் தரையின் சூடு தடையின்றி வெளியேறும். குளிர்ந்த காற்று கனமானது. அது வழிந்து பள்ளங்களில் தேங்கும். மேட்டில் இருக்கும் லயத்தைவிடப் பள்ளத்தில் இருக்கும் லயம் அதிகமாகக் குளிர்வது இதனால்தான். 2019 சனவரியில் மூணாறு சுற்றுவட்டத் தோட்டங்களில் வெப்பம் உறைநிலைக்குக் கீழே போய், புல்வெளி வெள்ளையாகிக் கொழுந்து கருகியது நினைவிருக்கும். சித்திரையில் மேகம் போர்வைபோல் மூடுவதால் இரவுக்குளிர் குறைகிறது. பகல் சூடும் மேகத்தால் தணிகிறது.

மூன்றாவது மாற்றம் நிமிடக் கணக்கில் நடப்பது. இடிமேகத்திலிருந்து விழும் மழை, வழியில் ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கிறது. கனத்த அந்தக் குளிர்காற்று தரையில் மோதி நாலாபக்கமும் ஓடும். புழுக்கமாக இருந்த மாலையில் சட்டென்று ஜில்லென்று ஒரு காற்று வந்து, கடை வாசல் படுதா படபடக்கிறதே, அதுதான். "அப்பாடா, குளுகுளுன்னு இருக்கு" என்று திண்ணையில் உட்காராதீர்கள். மேகம் பக்கத்தில் வந்துவிட்டது என்று பொருள்.

பாலக்காட்டு உறவினர்களுக்கு ஒரு சொல். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கி.மீ. அகலமுள்ள கணவாய் உங்கள் ஊரில் திறந்து கிடக்கிறது. கொங்கு நாட்டின் வறண்ட காற்று அதன் வழியாக நேரே வருகிறது. கேரளத்தில் வெயில் என்றால் பாலக்காடு என்று ஆனது அதனால்தான். சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடினால் வெப்ப அலை என்பது வானிலைத் துறையின் அளவுகோல். மலைப்பகுதிக்கு அந்த எல்லை 30 டிகிரியிலேயே தொடங்குகிறது.

ஏலமும் மிளகும் கொழுந்தும்

சமவெளி விவசாயிக்குப் பங்குனி மழை நட்டம். கதிர் முற்றி அறுப்புக்கு நிற்கும் நேரம்; களத்தில் நெல் கிடக்கும் நேரம். எங்கள் ஊரில் என் தகப்பனார் பங்குனியில் மேகம் கறுத்தால் முகம் கறுத்துப்போவார். அந்தப் பயத்தோடுதான் நான் மலைக்கு வந்தேன். இங்கே ஏலத் தோட்டக்காரர்கள் பங்குனியில் வானத்தைப் பார்த்து ஏங்குவதைக் கண்டு வியந்தேன்.

காரணம் எளிது. ஏலச்செடியின் அடியிலிருந்து சரம் விடும் காலம் இதுதான். அப்போது இடைவிட்டு நாலு நல்ல மழை கிடைத்தால் சரம் நீளும், பூ பிடிக்கும். ஆவணியில் காய் எடுக்கலாம். மழை பொய்த்தால் சரம் காயும், தட்டை மஞ்சளாகும். ஆலங்கட்டியோடு வந்தால் இலை கிழியும், நிழல்மரக் கிளை முறிந்து செடிமேல் விழும். தேயிலையிலும் இளங்கொழுந்து சிதைந்தால் மறுபடி துளிர்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை கொழுந்து எடுப்பவர்களின் வருமானம் குறையும். மிளகோ வேறு கதை. தையிலும் மாசியிலும் பறித்த மிளகு முற்றத்தில் காயும் நேரம் இது. நான் வந்த புதிதில், "இன்னும் ஒரு வெயில் காட்டிடலாம்" என்று ஆசைப்பட்டு நான்கு மூட்டை மிளகை விரித்துவிட்டு உள்ளே போய்க் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அரைமணி நேரத்து மழை. அத்தனையும் பூசணம் பிடித்துப் பாதி விலைக்குப் போயிற்று.

ஒரு மழையின் மதிப்பை வியாபாரிக் கணக்கில் பார்ப்போம். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு சென்ட் ஏறத்தாழ 40 சதுர மீட்டர். ஆகவே 25 மி.மீ. மழை பெய்தால் சென்ட்டுக்கு ஆயிரம் லிட்டர். ஏக்கருக்கு ஒரு இலட்சம் லிட்டர். டேங்கர் வைத்துத் தண்ணீர் அடித்தவர்களுக்கு இதன் விலை தெரியும்.

வானிலை விலையாக மாறுவதையும் கண்டோம். 2018 ஆகஸ்டு வெள்ளம் தோட்டங்களை அழித்தது. அடுத்து 2019இல் கோடை மழையும் பருவமழையும் ஏமாற்றின. சரக்கு இல்லை. 2019 ஆகஸ்டு தொடக்கத்தில் இடுக்கியில் நடந்த ஏலக்காய் ஏலத்தில் உயர்ந்த சரக்கு கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. விலையைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் வாழ்த்தினார்கள். விற்பதற்குக் காய் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்பது நமக்குத்தானே தெரியும்!

இந்தக் கட்டுரை எழுதக் காரணம்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாலை. நல்ல இடிமழை. கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்த ஒரு பெண்மணி என் கடைத் திண்ணையில் ஒதுங்கினார். மலையில் கடை வைத்தவரெல்லாம் அண்ணாச்சிதான். நயினார் என்று யாரும் கூப்பிடுவதில்லை. மழை குறைந்ததும் அவர், "அண்ணாச்சி, விட்டிருச்சு போல. பிள்ளைக தனியா இருக்கும். நான் கெளம்பட்டுமா?" என்றார். தூரத்தில் இடி உருண்டுகொண்டுதான் இருந்தது. எனக்குக் கடை அடைக்கும் அவசரம். "தூறல்தானம்மா, போங்க" என்றேன்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மேட்டு வளைவில் ஒரு சில்வர் ஓக் மரத்தில் இடி விழுந்தது. அவர் மரத்தைக் கடந்து சில அடி போயிருந்தார். தூக்கி எறியப்பட்டார். உயிர் பிழைத்தார், ஆனால் இடது காதில் சவ்வு கிழிந்து இன்றளவும் சரியாகக் கேட்பதில்லை. கடைக்கு வந்தால் வலப்பக்கமாகத் திரும்பி நின்று பேசுவார். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. எறும்புக்கும் தீங்கு வரக்கூடாது என்று விளக்கை மூடி வைக்கும் குடும்பத்தில் பிறந்தவன், அறியாமையால் ஒரு மனித உயிரை மின்னலுக்கு அனுப்பினேன். மழை நின்றால் மின்னல் நின்றது என்று நினைத்தேன். அது தவறு. அந்தத் தவறை இந்த மலரைப் படிக்கும் எவரும் செய்யக்கூடாது.

இடி கேட்டால் என்ன செய்வது?

மின்னலின் ஒளி உடனே வந்துவிடும். இடியின் ஒலி ஒரு கிலோமீட்டர் வர மூன்று விநாடி ஆகும். மின்னலைக் கண்டு எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்தது உங்கள் தலைக்கு மேலேயே இருக்கலாம். உடனே உள்ளே போகவேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும்வரை வெளியே வரக்கூடாது. மழை விட்டதா என்பது கணக்கில்லை. அந்த அரைமணிதான் நான் அந்தப் பெண்மணிக்குக் கொடுக்காத அரைமணி.

உள்ளே என்றால் நல்ல கட்டடம், அல்லது கண்ணாடி ஏற்றிய பஸ், கார். தார்ப்பாய் போட்ட ஜீப்பும், நாலு கால் நட்ட கொட்டகையும் பாதுகாப்பு அல்ல. மரத்தடி கூடவே கூடாது. கம்பி வேலி, யானைக்குப் போட்ட சோலார் வேலி, இரும்புக் குழாய் இவற்றை விட்டு விலகவேண்டும். கொழுந்து வெட்டும் கத்தரியையும் கவாத்துக் கத்தியையும் கீழே வைத்துவிட வேண்டும். ஒதுங்க இடமே இல்லாத திறந்த மலையில், மேட்டிலிருந்து இறங்கி, கால்களைச் சேர்த்துக் குத்துக்காலிட்டுக் குனிந்து இருக்கலாம், படுக்கக் கூடாது. வீட்டுக்குள் டி.வி., மிக்ஸி பிளக்குகளைப் புயல் வருமுன்பே பிடுங்கிவிடுங்கள். இடி நேரத்தில் குழாயில் பாத்திரம் கழுவுவதும் குளிப்பதும் வேண்டாம்.

மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்குவதில்லை. தொட்டால் நமக்கும் அடிக்கும் என்று பயந்து ஒதுங்கி நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயங்காமல் தொடலாம். மூச்சு இல்லையென்றால் உடனே மார்பை அழுத்தி முதலுதவி தொடங்கி, மருத்துவமனைக்கு ஆள் அனுப்பவேண்டும். பிழைக்க வாய்ப்பு நிறைய உண்டு.

அறிக்கையை வாசிக்கும் முறை

இது நம்போன்ற குடும்பங்களுக்கே உரிய சிக்கல். நம் வீட்டில் ஓடுவது தமிழ்ச் செய்தி. அதில் சென்னை வானிலை மையம் தேனி மாவட்டத்துக்குச் சொல்வது வரும். ஆனால் சூரியநெல்லி இடுக்கி மாவட்டம். அதன் எச்சரிக்கை திருவனந்தபுரம் வானிலை மையத்திலிருந்து மலையாளத்தில் வருகிறது. மழை மலையாளத்தில் அறிவிக்கப்படுகிறது. நம் காது தமிழில் இருக்கிறது. போடிக்கு வறண்ட வானிலை என்று கேட்டுவிட்டு, இடுக்கிக்கு மஞ்சள் எச்சரிக்கை இருப்பது தெரியாமல் போனவர்கள் நம்மில் உண்டு. மலையேறுகிறவர் இரண்டையும் பார்க்கவேண்டும். மலையாளம் படிக்கும் பிள்ளைகள் தாத்தா பாட்டிக்கு இதைத் தினமும் வாசித்துச் சொல்லலாம்.

மழை எச்சரிக்கையின் நிறங்கள் இப்படி: 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை கனமழை, மஞ்சள். 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை, ஆரஞ்சு. அதற்கு மேல் அதி கனமழை, சிவப்பு. மழை அளவு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை கணக்கிடப்படும். ஆனால் மின்னலுக்கு இந்த அளவு பொருந்தாது, பத்து மி.மீ. மழையிலும் உயிர் போகும். அறிக்கையில் 'இடிமின்னல்' என்ற சொல் இருந்தால் அதைத் தனியாகக் கவனியுங்கள்.

'ஓரிரு இடங்களில் மழை' என்றால் அலட்சியம் செய்கிறோம். அப்பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை மழை பதிவாகும் என்பதே அதன் பொருள். அந்தக் கால் பங்கில் நம் வீடும் இருக்கலாம்.

பிப்ரவரி கடைசியில் மூன்று மாதத்துக்குமான கோடை முன்கணிப்பை வானிலைத் துறை வெளியிடும். அதில் 'இயல்பைவிட வெப்பம் கூட வாய்ப்பு' என்று இருந்தால், மூன்று மாதமும் வெயில்தான் என்று பொருளில்லை. மூன்று பெட்டி வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள்: இயல்புக்கு மேல், இயல்பு, இயல்புக்குக் கீழ். எந்தத் தகவலும் இல்லையென்றால் மூன்றுக்கும் சம வாய்ப்பு. ஒரு பெட்டியின் பக்கம் தராசு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்பதைத்தான் முன்கணிப்பு சொல்கிறது. தண்ணீர்த் தொட்டி கட்டுவதா, நிழல் வலை போடுவதா என்று முடிவெடுக்க அது உதவும். நாளை மாலை மழை வருமா என்பதற்கு உதவாது. அதற்கு அன்றன்றைய மாவட்ட அறிக்கையும், மூன்று மணி நேரத்துக்கு வரும் உடனடி எச்சரிக்கையும்தான். புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய தாமினி என்னும் கைப்பேசிச் செயலி, 20 முதல் 40 கி.மீ. சுற்றளவில் மின்னல் இருந்தால் எச்சரிக்கிறது. கட்டணம் இல்லை.

டவர் இல்லாத மலை வளைவில் கண்தான் கருவி. காலையிலேயே புழுக்கம்; பதினொரு மணிக்குள் பூக்கோசு போன்ற வெள்ளை மேகம்; பிற்பகலில் அதன் தலை தட்டையாகிக் கொல்லன் பட்டறைக்கல் போல விரிவது; பிறகு அந்த ஜில்லென்ற காற்று. இந்த நான்கையும் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள். சித்திரைத் திருவிழாவுக்கோ வைகாசிக் கல்யாணத்துக்கோ ஊருக்குப் போய்த் திரும்புவோர், முடிந்தவரை மத்தியானத்துக்குமுன் மலையேறிவிடுங்கள். மாலை மழையில் மரம் சாய்ந்தால் போடிமெட்டுச் சாலையில் திரும்பவும் இடமிருக்காது.

முடிவாக

மழைக்காலத்தில் புல்லும் பூச்சியும் பெருகும், நடந்தால் அவற்றுக்குத் தீங்கு என்று சமண முனிவர் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்குவர். சாதுர்மாசம் என்பது அதன் பெயர். அவ்வாறு நான்கு மாதம் தங்கும் வழக்கத்தை உண்டாக்கியவர்களின் வழியில் வந்தவனுக்கு, முப்பது நிமிடம் தங்கச் சொல்ல ஒரு விபத்து தேவைப்பட்டது.

இப்போது என் கடைத் திண்ணையில் இரண்டு பெஞ்சு போட்டிருக்கிறேன். சுவரில் கடிகாரம் ஒன்று மாட்டியிருக்கிறேன். இடி கேட்டால் யாரையும் போகவிடுவதில்லை. "அண்ணாச்சி, தூறல்தானே" என்பார்கள். "கடைசி இடி நாலு பத்துக்கு. நாலு நாப்பதுக்குப் போகலாம். உக்காருங்க, டீ சொல்றேன்" என்பேன். அந்தப் பெண்மணியும் சில மாலைகளில் வந்து உட்காருவார். கடிகாரத்தை அவர்தான் பார்த்துச் சொல்வார்.

நம் சங்கத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் தத்தம் வாசலில் இந்த அரைமணி வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால், இக்கட்டுரை எழுதிய பயனை நான் அடைந்தவனாவேன்.